வீட்டு லோனை வேளைக்கே முடிக்க ஆசை, வீட்டுச் செலவுல எங்க கை வைக்கலாம்? (திருகோணமலை)

உப்புவெளி வாசல்

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. நாங்க 2018ல உப்புவெளில வீடு கட்ட 44 லட்சம் லோன் எடுத்தனாங்க, 20 வருசத்துக்கு. நான் டீச்சர், இவர் சீனக்குடாப் பக்கம் ஒரு பக்டரில வேலை. பெரியவ அடுத்த வருசம் ஓஎல் சோதனை, சின்னவன் 6ஆம் ஆண்டு.

போன கிழமை பேங்குக்குப் போய் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பாத்தா தலை சுத்திட்டுது. 7 வருசம் ஒரு மாசம் தவறாமக் கட்டியிருக்கிறம், 2022 கடைசில வட்டி ஏறி தவணை 80 ஆயிரத்தையும் தாண்டினப்போ என்ர சங்கிலிய அடகு வைச்செல்லாம் கட்டினனாங்க, அவ்வளவு கட்டியும் முதல் இன்னும் 38 லட்சம் நிக்குது!! ஆறு லட்சம்தான் குறைஞ்சிருக்கு. இப்ப வட்டி 12 வீதம், மாசம் 48,200 கட்டுறம், இன்னும் 13 வருசம் கிடக்கு. முடியேக்க இவருக்கு 58 வயசு.

ரெண்டு பேரிண்ட சம்பளமும் கைக்கு வாறது 1,65,000 அளவில. லோன் போக மிச்சத்தில கடைக் கொப்பி மட்டும் 40, 45 ஆயிரம், டியூசன் 14 ஆயிரம், கரண்ட் இந்தக் கச்சான் காத்து வெக்கை மாசங்களில 190 யுனிட்டுக்கு மேல, கேஸ், இவரிண்ட மோட்டச்சைக்கிளுக்கு பெற்றோல், போன் டேட்டா, மாமிக்கு மருந்து, பிறகு எங்க போகுதெண்டே தெரியாம ஒரு 20 ஆயிரம். சம்பளம் வந்து மூண்டாம் கிழமையே கை காஞ்சிடும்.

நான் யோசிக்கிறன் மாசம் ஒரு 10,000 இழுத்துப்பிடிச்சா லோனுக்கு மேலதிகமாக் கட்டலாமெண்டு. இவர் சொல்றார் 38 லட்சத்துக்கு 10 ஆயிரம் கடல்ல கரைச்ச பெருங்காயம், சும்மா பிள்ளையளிண்ட வாயக் கட்டாத எண்டு. ஆர் சொல்றது சரி? கட்டி முடிச்ச ஆக்கள் ஆரும் இருந்தா சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை

அக்கா, அண்ணைக்கு இந்தப் பதில அப்பிடியே வாசிச்சுக் காட்டுங்கோ.

நீங்க கட்டுற 48,200ல இப்ப 38,000 வட்டிக்குப் போகுது (38 லட்சத்துக்கு மாசம் 1 வீதம்), மிச்சம் 10,200தான் முதலுக்குப் போகுது. அப்ப நீங்க மேலதிகமா ஒரு 10,000 போட்டா அது 48 ஆயிரத்தோட 10 ஆயிரம் சேர்ந்த மாதிரி இல்லை, முதல் குறையிற வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுது. எக்ஸல்ல போட்டுப் பாத்தன்: 12 வீதம் அப்பிடியே இருக்குமெண்டு வைச்சா 156 மாசத்தில முடியவேண்டியது 107 மாசத்தில முடியும். நாலு வருசம் முந்தி. வட்டில மட்டும் 13 லட்சத்துக்கு மேல மிச்சம். 15,000 போட்டா 93 மாசம், மிச்சம் 16 லட்சத்துக்கு மேல. பாத்தீங்களோ, முதல் 10,000 செய்யிற வேலைய அடுத்த 5,000 செய்யேல்ல, அதால 15 முடியேல்லை எண்டு மனம் விடவேண்டாம், 10 ஐ விடாம கட்டினாலே போதும்.

இன்னொண்டு. எப்பவாவது மொத்தமா ஒரு 2 லட்சம் கிடைச்சா (போனஸ், சீட்டுக் காசு, ஆரும் வெளிநாட்டால தந்தது) அத இப்பவே முதலுக்குக் கட்டினா 18 தவணை இல்லாமப் போகும். 18 தர 48,200 எவ்வளவெண்டு பெருக்கிப் பாருங்கோ. அதே 2 லட்சத்த பத்து வருசம் கழிச்சுக் கட்டினா ஒரு ஆறு தவணைதான் குறையும். அதால முந்திக் கட்டுறதுதான் விசயம், கூடக் கட்டுறது இல்லை.

ஆனா பேங்கில சும்மா எக்கவுண்டில காசப் போட்டுட்டு வந்திடாதீங்கோ. கணபேர் விடுற பிழை அது. காசு அங்க சேவிங்ஸ்ல கிடக்கும், அடுத்த மாசத் தவணை அதில இருந்து வெட்டுப்படும், நீங்க முதல் குறையுதெண்டு நினைச்சுக்கொண்டு இருப்பீங்க. கடிதம் எழுதிக் குடுக்கவேணும், இந்தக் காசு முதலுக்கு, தவணைத் தொகைய மாத்தவேண்டாம், காலத்தக் குறைங்கோ எண்டு. தவணையக் குறைச்சுத் தாறம் எண்டு சொல்லுவாங்கள், கேக்க நல்லா இருக்கும், ஆனா உங்களுக்கு அதில பெரிய லாபம் இல்லை. முந்திக் கட்டினா சார்ச் ஏதும் வெட்டுவாங்களோ எண்டதையும் உங்கட லோன் ஒப்பந்தத்தப் பாத்துக் கேளுங்கோ, ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு மாதிரி. சில இடத்தில சின்னச் சின்னத் தொகையா வாங்கமாட்டினம், அப்பிடியெண்டா 6 மாசத்துக்கு ஒருக்கா சேத்துக் கட்டலாம்.

உப்புவெளி வாசல்

தம்பி கோடி புண்ணியம். வாசிச்சுக் காட்டினன், ஒண்டும் சொல்லேல்ல, கல்குலேட்டர எடுத்துக்கொண்டு வெளித் திண்ணைல போய் இருக்கிறார் 😀 அந்தச் சங்கிலி இன்னும் அடகுலதான் இருக்கு, அத முதல் மீக்கவோ லோனுக்குக் கட்டவோ?

கணக்குப்பிள்ளை

அடகு வட்டி உங்கட 12 ஐ விடக் கூட எண்டா அதுதான் முதல். கிரெடிட் கார்ட்ல பாக்கி இருந்தா அதுக்கும் முந்தி, அது 20 வீதத்துக்கும் மேல. வட்டி கூடினதுல இருந்து குறைஞ்சதுக்கு வாங்கோ, வேற சாத்திரம் ஒண்டும் இல்லை.

கிண்ணியா ராத்தா

தங்கச்சி, கணக்கு தம்பி சொல்லிட்டார், நான் அடுப்படியச் சொல்றன். எங்கட வீட்ல ஏழு பேர், நாங்க வட்டி லோன் எடுக்கேல்ல, ஆனா காணி வாங்கின கடன் இருந்திச்சு, சொந்தத்துக்குள்ள வாங்கினது, அத நாலு வருசத்தில அடைச்சம்.

முதல்ல அந்தக் கொப்பிய மூடுங்கோ. நான் கொப்பில எழுதி வாங்கின காலத்தில பிள்ளைய அனுப்பினா ஒரு சவர்க்காரத்துக்குப் போறவன் ஒரு பிஸ்கட்டும் ஒரு சோடாவும் சேத்து எழுதிட்டு வருவான், மாசக் கடைசில கூட்டிப் பாத்தா எனக்கு ஞாபகமே இல்லாத சாமான் பாதி. கடைக்காரர் நல்ல மனுசன்தான், அவர ஒண்டும் சொல்லேல்ல, கையில காசு குடுத்து வாங்கேக்க வாற யோசனை கொப்பில வராது, அவ்வளவுதான். இந்த மாசக் கணக்கக் கட்டி முடிச்சுட்டு அடுத்த மாசம் கிழமைக்கு 8,000 எண்டு ஒரு பழைய மா டின்னில போட்டு வைங்கோ, டின் காலியானா அந்தக் கிழமை முருங்கையிலையும் பருப்பும்தான். முதல் மாசம் சண்டை வரும். ரெண்டாம் மாசம் பிள்ளையளே டின்னுக்குள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் ஐஸ்கிறீம் கேப்பாங்க.

அரிசிய கிலோக் கணக்கில வாங்காதீங்க. பெரும்போகம் வெட்டி முடியிற நேரம், மாசி பங்குனில தம்பலகாமத்தில ஆரும் தெரிஞ்சவங்களிட்ட நெல்லா வாங்கிக் காயவைச்சு மூட்டைல கட்டி வைச்சு, தேவைக்கு ஒரு மூட்டைய மில்லுல குடுத்துக் குத்தி எடுத்தா கடை விலையோட பாக்க நல்ல வித்தியாசம். தவிடும் உமியும் கோழிக்கு. கோழி ஆறு வளக்கிறன், முட்டை வாங்கி வருசக்கணக்கு.

தேங்காய் பற்றிச் சொல்லாம விட்டா என்ர உம்மா கனவில வந்து அடிப்பா. ஒரு தேங்காயத் துருவி மூண்டு நேரமும் பால் பிழியிற பழக்கம் எங்கட ஊரில எல்லா வீட்லயும் இருக்கு. விலை ஏறினதுல இருந்து நான் பகல் கறிக்கு மட்டும்தான் பால் விடுறன், காலைல சம்பலுக்குப் பாதி, பின்னேரம் ஒண்டுமில்ல. மீன தக்காளி புளி போட்டு ஆக்கினா பால் கேக்காது, புள்ளைகள் இப்ப அதுதான் கேக்குதுகள். பிறகு பால்மாப் பக்கட். வீட்ல எல்லாருக்கும் மூண்டு நேரம் பால்தேத்தண்ணி எண்டா அது ஒரு தனி லோன்! பெரியாக்கள் பால் விடாத பிளேன்டிக்கு மாறுங்கோ, பிள்ளையளுக்கு பசுப்பால் கிடைச்சா வாங்குங்கோ.

கரைவலை

உப்புவெளில இருந்துகொண்டு மீன கடைல வாங்குறீங்களோ? பங்குனில இருந்து புரட்டாதி வரைக்கும் கடல் அமைதி, காலம்பற கரைவலை இழுக்கிற நேரம் ஒரு வாளியோட போய் நில்லுங்கோ. சூடை, கீரி, சாளை கரையில ஒரு விலை, டவுண் சந்தைல இன்னொரு விலை. கூட வாங்கினா கழுவிப் பொட்டலம் பொட்டலமா பிரீசர்ல வைக்கலாம். கார்த்திகை மார்கழி மழைக்கு கடல் அடிக்கேக்க மீன் விலைய ஏன் கேக்கிறீங்க, அதுக்கு இப்பவே கொஞ்சம் கருவாடு போட்டு வைங்கோ. பாரை, அறக்குளா துண்டு மீன் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும். (பொறுங்கோ, வலை இழுக்க ஒரு கை குடுத்தா சும்மாவே ஒரு பங்கு தருவினம், அண்ணைய அனுப்புங்கோ, திண்ணைல இருக்கிறதுக்கு.)

டொறொன்டோ மைனர்

நான் வெளில இருந்து சொல்றன், கோவிக்காதீங்கோ. லோன் கட்டுறத விட அந்தக் 10 ஆயிரத்த பேங்கில எப்டில (நிலையான வைப்பு) போட்டா 13 வருசத்தில பெரிய தொகை நிக்கும்தானே, காசும் உங்கட கையிலயே இருக்கும். வீடு எங்கயும் ஓடப்போறதில்ல. பிள்ளையள் சின்ன வயசில சாப்பிட வேணும், ஊர் சுத்த வேணும்.

கணக்குப்பிள்ளை

அண்ணை, எப்டிக்கு இப்ப 8 வீதம் கிடைச்சாலே பெரிய விசயம், அதிலயும் 2025 சித்திரைல இருந்து வட்டிக்கு 10 வீதம் வரி வெட்டிட்டுத்தான் தருவாங்கள், கைக்கு வாறது 7.2. லோனுக்குப் போற வட்டி 12. 12க்குக் கடன் வாங்கி 7க்குக் கடன் குடுக்கிற யாவாரத்த எந்தச் செட்டியார் செய்வார்?

உவர்மலை பென்சனியர்

நான் ஓய்வுபெற்ற அரச ஊழியன், 2021ல என்ர வீட்டுக் கடன 5 வருசம் முந்தி முடிச்சனான். கணக்குப்பிள்ளை சொன்னது சரி, ஆனா டொறொன்டோத் தம்பிய அப்பிடியே தள்ளிவிடவும் ஏலாது. எல்லாக் காசையும் லோனுக்குள்ள தள்ளிட்டா அத பேங்க் திருப்பித் தராது. அவசரத்துக்கு மூண்டு மாசத் தவணையாவது, உங்களுக்கு ஒரு ஒண்டரை லட்சம், தனியா கிடக்கவேணும். அது எப்டியோ சேவிங்ஸோ, வட்டியப் பாக்காதீங்கோ. 2022ல அப்பிடி ஒரு கை இருப்பு இருந்திருந்தா உங்கட சங்கிலி கழுத்திலயே இருந்திருக்கும்.

அந்த வருசத்த மறக்கக்கூடாது. 2022 சித்திரைல மத்திய வங்கி ஒரே நாள்ல கொள்கை வட்டிய (பேங்குகள் பாத்துத் தங்கட வட்டிய வைக்கிறது) 7 வீதப் புள்ளி ஏத்திச்சு, அடுத்தடுத்த மாசங்களில அப்பப்ப மாறுற மிதக்கும் வட்டில லோன் எடுத்த ஆக்களிண்ட தவணை பாதியோட ஏறிப்போச்சு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், பேங்க் பேர் வேண்டாம், அவரிண்ட தவணைய ஏத்தாம காலத்த நீட்டி விட்டினம், அவர் நல்ல மனசெண்டு சந்தோசப்பட்டார், பிறகுதான் தெரிஞ்சது கட்டினது வட்டிக்கே காணாம முதல் ஏறியிருக்கெண்டு. 2023 ஆனில இருந்து வட்டி இறங்கத் தொடங்கி இப்ப நல்லாக் குறைஞ்சிருக்கு. அப்ப உங்கட வட்டிய எத்தின மாசத்துக்கு ஒருக்கா மாத்துறாங்கள் எண்டு கேளுங்கோ. ஏறேக்க உடன ஏத்தினவை இறங்கேக்க ஆறுதலாத்தான் இறக்குவினம், மெனேஜருக்கு முன்னால போய் இருந்து கேட்டா அரை வீதம் முக்கால் வீதம் குறைக்கிற ஆக்களும் இருக்கினம், வேற பேங்கில விலை கேட்டுக்கொண்டு போங்கோ. 38 லட்சத்துக்கு ஒரு வீதம் குறைஞ்சா வருசத்துக்கு 38,000, மாசம் மூவாயிரத்துக்கு மேல. தேங்காய் மிச்சம் பிடிக்கிறத விட லேசு.

கரண்ட் சம்பந்தமா. 190 யுனிட் எண்டீங்க. 60, 90, 120, 180 எண்டு படி இருக்கு, மேல போகப்போக யுனிட் விலையும் கூடும், நிலையான கட்டணமும் கூடும். அதால நீங்க குறைக்கிற யுனிட் எல்லாம் ஆக விலை கூடின யுனிட்டுத்தான் எண்டத மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. 190 ஐ 120க்குக் கொண்டுவந்தா பில் மூண்டில ஒண்டு இல்லை, அதுக்கும் கூடக் குறையும். ஏசி இருந்தா ஒரு அறைல எல்லாரும் படுங்கோ, கச்சான் முடியுமட்டும். கிழமைக்கு ஒருநாள் சேத்து அயன் பண்ணுங்கோ. பழைய பிரிட்ஜ் எண்டா கதவு ரப்பரப் பாருங்கோ, ஒரு ரூபாத் தாள வைச்சுக் கதவ மூடி இழுத்துப் பாத்தா தாள் சும்மா வந்துதெண்டா குளிர் வெளிய போகுது எண்டு அர்த்தம்.

அண்ணைக்கு ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) இருக்குமே. 10 வருசம் கட்டியிருந்து 3 லட்சத்துக்கு மேல இருந்தா வீட்டுத் தேவைக்கு 30 வீதம் வரைக்கும் எடுக்கிற முறை ஒண்டு இருக்கு. தொழில் திணைக்கள ஒபிஸில விசாரிக்கலாம். ஆனா எடுங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். தனியார் வேலைக்காரருக்குப் பென்சன் இல்லை, அதுதான் அவரிண்ட கிழட்டு வயசுச் சோறு.

புறாத்தீவு

எல்லாரும் தேங்காயையும் கரண்டையும் கதைக்கிறியள், திருகோணமலைல வீடு இருக்கிற ஆக்களிண்ட பெரிய செலவ ஒருத்தரும் சொல்லேல்லயே. விருந்தாளி! ஆவணி லீவு விட்டா கொழும்பில இருந்து ஒரு வான், யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு வான், வெளிநாட்டுக்காரர் தனி. எல்லாருக்கும் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர் ஊற்று, நிலாவெளி, புறாத்தீவுக்கு போட். எங்கட வீட்ல போன வருசம் அந்த ஒரு மாசத்தில மட்டும் கேஸ் ரெண்டு சிலிண்டர், இறால், நண்டு, கணவாய் எண்டு 70 ஆயிரத்துக்கு மேல போச்சு. வராதீங்கோ எண்டு சொல்ல ஏலுமோ? ஏலாது. ஆனா நண்டு சமைக்கவேணுமெண்டு சட்டம் இல்லையே. இந்த வருசம் நான் ஒரே ஒரு நாள் விருந்து, மிச்ச நாள் வீட்டுச் சாப்பாடு, வெளிய போற காசு அவங்கட கை எண்டு வட்சப்பில வான் ஏறுறதுக்கு முந்தியே சொல்லிட்டன். சித்தப்பா மட்டும் கொஞ்சம் முகம் நீட்டினார்.

மற்றது, உப்புவெளி எண்டா வைகாசில இருந்து புரட்டாதி வரைக்கும் வெள்ளைக்காரர் நடமாட்டம். ஒரு அறை வெளிவாசலோட இருந்தா சீசனுக்கு விடலாம். சொந்தக்காரர் படுக்கிற அறைதான் அது, ரெண்டு பிரச்சினையும் ஒரேயடியாத் தீரும் 😂

உப்புவெளி வாசல்

ஐயோ புறாத்தீவு, நீங்க எங்கட வீட்டுக்குள்ள இருந்து எழுதின மாதிரி இருக்கு. எங்க போகுதெண்டு தெரியாத அந்த 20 ஆயிரம் எங்க போகுதெண்டு இப்ப விளங்குது. வாடகைக்கு விட அறை இல்லை, ஆனா மாமி சொல்றா மேல் தட்டுப் போட்டா… மாமிய விடுங்கோ, அது இன்னொரு லோன்.

இவர் திண்ணைல இருந்து வந்திட்டார். எங்கட முடிவு இதுதான்: முதல் நாலு மாசம் பிடிக்கிற காசு சங்கிலிய மீக்க, பிறகு ஒண்டரை லட்சம் சேருமட்டும் கை இருப்பு, அதுக்குப் பிறகு மாசம் 10,000 முதலுக்கு. கொப்பிய இந்த மாசத்தோட மூடுறம். பெரியவளிண்ட டியூசன்ல கை வைக்கமாட்டன், ஓஎல் முடியுமட்டும் அது நான் தொடாத காசு. திங்கட்கிழமை பேங்குக்குப் போறன், வட்டியும் கேக்க, அந்தக் கடிதம் வாங்குவினமோ எண்டும் கேக்க. உவர்மலை ஐயா, நீங்க கடிதம் தமிழில குடுத்தனீங்களோ இங்கிலீசிலயோ?

உவர்மலை பென்சனியர்

தமிழில. ரெண்டு கொப்பி எடுத்து ஒண்டில சீல் அடிச்சு வாங்கிக்கொள்ளுங்கோ பிள்ளை. கட்டி முடிஞ்ச பிறகு காணி உறுதியக் கையில வாங்கினதோட நிக்காம, ஈடு நீக்கினத காணிப் பதிவகத்தில பதியவும் வேணும், அது 9 வருசம் கழிச்சு வாற வேலை, இப்ப யோசிக்காதீங்கோ.

கரைவலை

அக்கா, நாளைக்கு ஆறரைக்கு வலை இழுக்கினம். வாளி பெரிசாப் பாத்து எடுத்துக்கொண்டு வாங்கோ.